தினமும் எழுதுவதற்கு ஒரு தோல் குறிப்பேடு: பார்த்து வாங்குவது எப்படி?

தோல் அட்டை போட்ட குறிப்பேடு வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் அட்டையைத் தடவிப் பார்க்கிறார்கள், அப்புறம் முகர்ந்து பார்க்கிறார்கள். வாங்குவது என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் தாளில் பேனாவை வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. பத்துப் பக்கம் எழுதிய பிறகுதான் மை மறுபக்கம் ஊறுவதும், திறந்து வைத்த பக்கம் தானாக மூடிக்கொள்வதும் தெரியவருகிறது. கொஞ்ச நாளில் குறிப்பேடு அலமாரிக்குப் போய்விடுகிறது. தோல் நல்ல தோலாகவே இருக்கும், எழுதத்தான் முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் உங்கள் எழுத்துப் பழக்கம், அடுத்து தாள், பைண்டிங், அளவு, கடைசியில் தோல். தோலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதையும் விரிவாகவே பார்ப்போம். ஆனால் உள்ளிருந்து வெளியே தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் குறிப்பேடு நிஜமாகவே தினமும் கையில் இருக்கும்.

படி 1: எங்கே, எதைக் கொண்டு, எவ்வளவு எழுதுகிறீர்கள்?

மூன்றே கேள்விகள். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறீர்களா, பையில் எடுத்துப்போய்க் கிடைத்த இடத்தில் எழுதுகிறீர்களா? எந்தப் பேனா? ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்?

கடைசிக் கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. 192 பக்கக் குறிப்பேட்டில் தினம் ஒரு பக்கம் எழுதினால் ஆறு மாதத்துக்குச் சற்று மேலே வரும். தினம் மூன்று பக்கம் எழுதுபவருக்கு இரண்டே மாதம்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுத் தோல் அட்டை வாங்குவதில் அர்த்தமில்லை. அப்படி எழுதுபவர்கள் உள்ளேட்டை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: தாள்

தாளின் எடையை ஜிஎஸ்எம் என்று குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு அது. சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம். குறிப்பேடுகளில் 80 முதல் 120 வரை பரவலாகக் கிடைக்கும். எண் கூடினால் தரமும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். தடிமனான தாளிலும் மை கண்டபடி பரவலாம். மை தாங்குவதற்குப் பெயர்போன ஜப்பானின் டொமோயே ரிவர் தாளில் ஒரு வகை வெறும் 52 ஜிஎஸ்எம்தான் இருக்கும். பவுண்டன் பேனாக்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்குவார்கள். மை ஊறுமா, ஊறாதா என்பதை முடிவு செய்வது தாளின் மேல் இருக்கும் பசைப்பூச்சு. அது சரியாக இருந்தால் மை மேற்பரப்பிலேயே நின்று உலரும். இல்லாவிட்டால் நார்களின் வழியே ஓடும்.

பால்பாயிண்ட் பேனாவோ பென்சிலோ உங்கள் பழக்கம் என்றால் இந்தக் கவலை தேவையில்லை. 70 அல்லது 80 ஜிஎஸ்எம் போதும். ஜெல் பேனா, பவுண்டன் பேனா என்றால் சோதித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சோதனை எளிது. தினமும் எழுதும் அதே பேனாவால், தினமும் எழுதும் வேகத்தில் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் பேனா முனையை அசைக்காமல் இரண்டு விநாடி வைத்து ஒரு புள்ளி. அதன் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு கோடுகள். இப்போது எழுத்தின் ஓரங்களை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ‘ண’, ‘ஐ’ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகளில்தான் குட்டு வெளிப்படும். நல்ல தாளில் சுழியின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அப்படியே திறந்திருக்கும். மோசமான தாளில் கோட்டின் ஓரத்திலிருந்து மெல்லிய முடிகள் போல மை கிளம்பி அந்த இடத்தை அடைத்துவிடும். அடுத்து தாளைத் திருப்புங்கள். எழுத்தின் நிழல் தெரிந்தால் பரவாயில்லை, மெல்லிய தாளில் அது சகஜம். புள்ளி வைத்த இடத்தில் மை பொட்டாகத் தெரிந்தால், அந்தத் தாளில் நீங்கள் இரண்டு பக்கமும் எழுத முடியாது. பாதி பக்கங்கள் வீண்.

இன்னொன்று. மையை நன்றாகத் தாங்கும் தாளில் மை உலர நேரமாகும். இது ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கும் விஷயம். எழுதிய வரியின் மேலேயே கை நகர்ந்துபோகும் இடது கைக்காரர்களும், எழுதியதும் சட்டென்று மூடிப் பையில் போடுபவர்களும், எழுதி ஐந்து விநாடி, பத்து விநாடி கழித்து விரலால் தேய்த்துப் பார்த்துவிட வேண்டும்.

எழுதியதை இருபது, முப்பது வருடம் கழித்தும் படிக்க விரும்புபவர்கள் தாள் அமிலமற்றதா என்று பாருங்கள். தாளில் தங்கிய அமிலம் நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகும். செய்தித்தாள் அவ்வளவு சீக்கிரம் பழுப்பதற்குக் காரணம் அதுதான். நீடித்து நிற்கும் தாளுக்கென்று ஐஎஸ்ஓ 9706 என்ற தரநிலை உண்டு. அந்த எண் அச்சிட்டிருந்தால் நம்பி வாங்கலாம்.

ஓரம் பிசிறடித்த கைத்தாள் வைத்த, பழங்கால ஏடு போலத் தோன்றும் தோல் குறிப்பேடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். பருத்திக் கந்தலில் செய்யும் அந்தத் தாள் பலமானது, பார்க்கவும் அழகு. ஓவியம் தீட்ட, பூ, டிக்கெட், புகைப்படம் என்று ஒட்டிவைக்க அருமையாக இருக்கும். ஆனால் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும், பவுண்டன் பேனாவின் கூர்முனை நாரில் சிக்கும், பசைப்பூச்சு ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் வேறுபடும். தினமும் வேகமாக நாலு பத்தி எழுத அது ஏற்றதில்லை என்பதே என் முடிவு. பென்சிலில் எழுதுபவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

கோடு போட்டதா, வெற்றுத்தாளா, புள்ளி போட்டதா என்பது அவரவர் விருப்பம். தமிழில் எழுதுபவர்கள் வரி இடைவெளியை மட்டும் கவனிக்கவும். மேலே ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் வளைவும் மெய்யெழுத்தின் புள்ளியும், கீழே ‘கு’, ‘ஞ’ போன்றவற்றின் சுழியும் நீள்வதால் 6 மி.மீ. இடைவெளி பலருக்கு நெருக்கடியாக இருக்கும். 7 அல்லது 8 மி.மீ. வசதி.

படி 3: பைண்டிங்

ஒரு குறிப்பேடு தினசரிப் புழக்கத்தைத் தாங்குமா என்பதை முதுகுப் பக்கம் சொல்லிவிடும். குறிப்பேட்டை மூடி, முதுகின் மேல்முனையை நேராகப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக மடிக்கப்பட்டு, வரிசையாக வளைவுகள் தெரிந்தால் அது நூல் தையலுக்கான அமைப்பு. பைண்டிங் செய்பவர்கள் ஒவ்வொரு கட்டையும் ஃபாரம் என்பார்கள். ஒரு கட்டின் நடுப்பக்கத்தைத் திறந்தால் மடிப்பில் நூல் ஓடுவது தெரியும். வளைவே இல்லாமல் தாள்களெல்லாம் ஒரே செங்கல்லாகப் பசையில் நின்றால் அது பெர்ஃபெக்ட் பைண்டிங். பசை காய்ந்து இறுகியதும், அடிக்கடி திறக்கும் இடத்தில் முதுகு வெடித்துத் தாள்கள் உதிரத் தொடங்கும். தினமும் எழுத நூல் தையல்தான். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

அடுத்து மேசையில் விரித்துப் பாருங்கள். நடுப்பக்கத்தில் எந்தக் குறிப்பேடும் படுத்துக்கொள்ளும். பத்தாவது பக்கத்திலும், கடைசிக்குப் பத்துப் பக்கம் முன்னாலும் கையை எடுத்தால் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. தானாக மூடிக்கொள்வதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எத்தனை நாள் எழுதுவீர்கள்?

அட்டையோடு சேர்த்துத் தைத்த குறிப்பேடு ஒரு வகை, அட்டை தனி, உள்ளேடு தனி என்பது இன்னொரு வகை. முதல் வகையில் ஒவ்வொன்றும் ஒரு தொகுதியாக அலமாரியில் நிற்கும். எழுதி முடிக்க ஒரு வருடம் எடுப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. மற்ற எல்லோருக்கும் நான் இரண்டாவதையே சொல்வேன். நல்ல தோல், வருடங்கள் போகப் போக அழகாகும் பொருள். அதை ஒரே உள்ளேட்டோடு முடித்துவிடுவது அந்தத் தோலுக்கே செய்யும் அநியாயம்.

உள்ளேடு மாற்றும் அட்டைகளிலும் இரண்டு முறை உண்டு. ஒன்றில் உள்ளேட்டின் அட்டையைத் தோல் உறையின் பைகளுக்குள் செருகவேண்டும். மற்றதில் முதுகின் வழியே ஓடும் எலாஸ்டிக் கயிறுகளுக்குள் மெல்லிய ஏடுகளை மாட்டவேண்டும். ஜப்பானின் மிடோரி நிறுவனம் 2006-இல் வெளியிட்ட டிராவலர்ஸ் நோட்புக்கால் இந்த இரண்டாவது முறை உலகமெங்கும் பரவியது. நாட்குறிப்புக்கு ஒன்று, வேலைக் குறிப்புகளுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று ஏடுகளை ஒரே அட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. மூன்றுக்கு மேல் போனால் முதுகு உப்பி, எழுதும் பக்கம் சரிவாகிவிடும்.

படி 4: அளவு, எடை

ஏ5 என்பது 148 × 210 மி.மீ., ஏ4 தாளில் சரிபாதி. மேசையில் எழுதுபவர்களுக்கு இதைவிடச் சிறியது வேண்டாம். ஏ6, 105 × 148 மி.மீ.; சட்டைப்பைக்கும் கைப்பைக்கும் ஏற்றது, ஆனால் நீண்ட பத்திகளுக்கு இடம் போதாது. இரண்டுக்கும் நடுவே பி6 இருக்கிறது, 125 × 176 மி.மீ. பையில் சுமந்து நிறைய எழுதுபவர்கள் ஒருமுறை இதைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

எடையை வாங்குமுன்பே கணக்குப் போட்டுவிடலாம். ஏ5 தாள்கள் 32 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 192 பக்கம், அதாவது 96 தாள், 80 ஜிஎஸ்எம் என்றால் 240 கிராம். அதே எண்ணிக்கை 120 ஜிஎஸ்எம்மில் 360 கிராம். தோல் அட்டையின் எடை இதற்கு மேல்.

உள்ளேடு மாற்றும் அட்டை வாங்குபவர்கள் அளவை மில்லிமீட்டரில் சரிபாருங்கள். ஏ5 அட்டைக்குப் பொருந்தும் என்று விற்கப்படும் ஏடுகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறும். மோல்ஸ்கின் நிறுவனத்தின் பெரிய அளவு 130 × 210 மி.மீ., லாய்ஷ்டுர்ம் நிறுவனத்தின் ஏ5 அளவு 145 × 210 மி.மீ. மேற்சொன்ன டிராவலர்ஸ் ஏடு 110 × 210 மி.மீ. ஒரே ஒரு நிறுவனத்தின் ஏடு மட்டுமே பொருந்தும் அட்டையை வாங்கினால், அவர்கள் அந்த ஏட்டை நிறுத்தும் நாளில் அட்டையும் பயனற்றுப் போகும்.

படி 5: இப்போது தோல்

முதலில் தோலின் அடுக்குகள். விலங்கின் தோலில் முடி இருந்த மேற்புறத்தில் நார்கள் மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும். கீழே போகப்போகப் பின்னல் தளரும். அந்த மேற்புறத்தைத் தேய்க்காமல் அப்படியே வைத்திருப்பது ஃபுல் கிரெய்ன். வடுக்களை மறைக்க மேற்புறத்தை லேசாக உரசிப் பூச்சு கொடுத்தது டாப் கிரெய்ன் என்று விற்கப்படும். மேலடுக்கைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கீழடுக்கு ஸ்ப்ளிட். அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி, அச்சு அழுத்தித் துளைகள் போலக் காட்டியும் விற்பார்கள். கடைசி இடம் பாண்டட் லெதருக்கு. தோல் வெட்டும்போது விழும் தூளையும் துணுக்கையும் பசையில் குழைத்து அழுத்திய தகடு அது. முழு மரப்பலகைக்கும் மரத்தூள் பலகைக்கும் உள்ள வித்தியாசம்தான். தினமும் மடங்கும் முதுகில் முதலில் உரிவது இதுதான்.

‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தோல் என்று மட்டும் சொல்கிறது, எந்த அடுக்கு என்று சொல்வதில்லை. தினசரிப் புழக்கத்துக்கு ஃபுல் கிரெய்ன் முதல் தேர்வு, நல்ல டாப் கிரெய்ன் இரண்டாவது.

அடுத்து பதனிடும் முறை. மரப்பட்டைகளில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறவைப்பது வெஜிடபிள் டேனிங். குரோமியம் உப்புகளைக் கொண்டு ஓரிரு நாளில் முடிப்பது குரோம் டேனிங். உலகத்தில் பெரும்பங்கு தோல் இந்த இரண்டாவது முறையில்தான் தயாராகிறது. குரோம் தோல் மென்மையாகவும், தண்ணீருக்குச் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதாகவும், நிறம் மாறாமலும் இருக்கும். பட்டையில் பதனிட்டது விறைப்பாகத் தொடங்கி, கை எண்ணெயும் வெயிலும் படப்பட மெல்ல மெல்லக் கருத்து, பளபளப்பேறும். உங்கள் விரல்கள் அதிகம் படும் இடம் தனியாகத் தெரியும். நாட்குறிப்புக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் மழையில் அலைபவர்களுக்கும், கறை பட்டால் மனம் தாங்காதவர்களுக்கும் குரோம் தோலே நிம்மதி.

பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு எதிரி உண்டு: இரும்பு. ஈரம் பட்ட தோலில் சாவியோ, இரும்புக் கிளிப்போ கிடந்தால் டானினும் இரும்பும் சேர்ந்து கருங்கறை உண்டாகும், துடைத்தால் போகாது. ஐயர்ன் கால் எனப்படும் இரும்புச்சத்துள்ள பழைய வகை மையைப் பயன்படுத்துபவர்களும் அட்டையின் மேல் சொட்டு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த விலங்கின் தோல் என்பதும் முக்கியம். ஆட்டுத்தோல், அதிலும் வெள்ளாட்டுத்தோல், மெல்லியதாக இருந்தும் பலமானது; புத்தகம் கட்டுபவர்கள் காலம் காலமாக விரும்புவது. செம்மறியின் தோல் தொட இதமானது, ஆனால் அடுக்கு பிரிந்து சீக்கிரம் கிழியும். கன்றுத்தோல் வழவழப்பு, நகம் பட்டாலே கீறும். மாட்டுத்தோலும் எருமைத்தோலும் தடிமன்; எருமையில் புள்ளிகள் பெரிதாகத் தெரியும்.

இப்போது கையில் எடுத்துச் சோதிக்கும் முறை. அட்டையை உள்நோக்கி மெதுவாக மடித்து, மடிப்பின் மேல் வெளிச்சம் படும்படி சாய்த்துப் பாருங்கள். நல்ல மேலடுக்குத் தோலில் ஒழுங்கில்லாத, நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி, விட்டதும் தணியும். பூச்சு பூசிய ஸ்ப்ளிட்டில் சுருக்கமே விழாமல் தகடு போல வளையும், அல்லது மேற்பூச்சு தனியே எழும்பும். அப்புறம் துளைகளைப் பாருங்கள். இயற்கையான தோலில் ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் தளர்வு என்று இருக்கும். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. பிறகு வெட்டு ஓரம். பெயின்ட் பூசாத ஓரத்தில் நார்கள் தெரிய வேண்டும். துணி இழை தெரிந்தால் அது ரெக்சின் வகை. நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமில் பதனிட்டது.

மடிக்கும் இடத்தில் நிறம் வெளுத்து, விட்டதும் திரும்பினால் பயப்பட வேண்டாம். எண்ணெயும் மெழுகும் ஏற்றிய புல்-அப் வகைத் தோல் அப்படித்தான் இருக்கும். கிரேஸி ஹார்ஸ் என்று விற்பதும் இந்த இனம். அதில் விழும் மேலோட்டமான கீறலை விரலால் தேய்த்தாலே மங்கிவிடும்.

ஒரு வெள்ளைத் துணியை அட்டையின் மேல் இருபது முறை தேய்த்துப் பார்க்கவும். சாயம் ஒட்டினால் நாளைக்கு அது உங்கள் சட்டையிலும் ஒட்டும்.

தடிமன் 1.2 முதல் 2 மி.மீ. வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் எழுதும்போது அட்டையின் விளிம்பு மணிக்கட்டில் இடிக்கும்.

படி 6: தையல், ஓரம், மூடும் முறை

தையல் ஒரே சீராக ஓடுகிறதா, மூலைகளில் இரட்டையாக இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். தையல் ரொம்ப நெருக்கமாக இருந்தால் வரிசையான துளைகளே தோலைக் கிழிக்கும் வழியாகிவிடும். 3 முதல் 4 மி.மீ. இடைவெளி சரியானது. ஓரம் தேய்த்து மெருகேற்றியதாகவோ மடித்துத் தைத்ததாகவோ இருக்கட்டும். தடிமனான பெயின்ட் பூச்சு முதுகு மடிப்பில் வெடிக்கும்.

நீளமான தோல் வாரைச் சுற்றிச் சுற்றிக் கட்டும் வகை படத்தில் அழகாக இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை திறப்பவருக்கு அது இடைஞ்சல். எலாஸ்டிக் பட்டை விரைவு, கொஞ்ச காலத்தில் தளரும். மாற்றக்கூடியதா என்று கேளுங்கள். காந்தப் பொத்தான் பக்கங்களின் மேல் தடம் பதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். மேசையிலேயே இருக்கும் குறிப்பேட்டுக்கு மூடியே தேவையில்லை.

இணையத்தில் வாங்கும்போது

தொட்டுப் பார்க்க முடியாது, ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த அடுக்கு, எந்தப் பதனிடுதல், தடிமன் எத்தனை மி.மீ., தாள் எத்தனை ஜிஎஸ்எம், நூல் தையலா, உள்ளேட்டின் அளவு என்ன. இந்த ஆறுக்கும் நேரான பதில் தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். ‘பிரீமியம் தரம்’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்தவரைப் பாருங்கள். வெட்டு ஓரத்தின் படத்தையும் முதுகின் மேல்முனையின் படத்தையும் கேட்டு வாங்குவது நல்லது. திருப்பித் தர முடியுமா என்று உறுதி செய்துகொண்டு, வந்ததும் கடைசிப் பக்கத்தில் மட்டும் பேனாவை வைத்துப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

விறைப்பான புதுத் தோலை ஒரேயடியாக முறுக்கி வளைக்காதீர்கள். எழுத எழுதத் தானாக வழிக்கு வரும். மேலே படியும் தூசியை உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும். வருடத்துக்கு ஓரிரு முறை, தோல் வறண்டு தோன்றும்போது, தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை மெல்லிய பூச்சாகத் தேய்க்கலாம். சமையல் எண்ணெய் எதையும் தடவாதீர்கள், நாளடைவில் அது சிக்கு வாடை பிடிக்கும். எண்ணெய் தாளுக்கும் கசியும் என்பதால், எதைத் தடவுவதாக இருந்தாலும் உள்ளேட்டை வெளியே எடுத்துவிட்டுத் தடவுங்கள்.

நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி எடுத்து, விரித்த நிலையில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்தால் தோல் சுருங்கி விறைத்துவிடும். நீண்ட நாள் எடுத்துவைக்கும்போது பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள். காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் வரும்.

ஒரு உள்ளேடு முடிந்ததும், அதன் முதுகில் தொடங்கிய தேதியையும் முடித்த தேதியையும் பென்சிலால் குறித்துவிடுங்கள். அட்டை காலியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் உள்புறத்தைத் துடைக்கவும், தையலில் நூல் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று பார்க்கவும், தளர்ந்த எலாஸ்டிக்கை மாற்றவும் வசதி. ஒரு தையல் பிரிந்த நிலையிலேயே செருப்போ பையோ தைப்பவரிடம் கொடுத்தால் சில நிமிட வேலைதான். ஒரு விரல் நீளத்துக்குப் பிரியவிட்டால் பழைய துளைகள் விரிந்து, அந்த ஓரம் முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டிவரும்.